அம்மா பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டு

என்னுடைய முதல் கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்த உதிரியில் எப்படிச் செலவை இழுத்துப் பிடித்தேன் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கீபோர்டு, எங்கள் அலுவலகத்தில் பாதி எழுத்து அழிந்துபோனதால் ஓரங்கட்டிய ஒன்று. மானிட்டர், படிப்பு முடிந்து ஊருக்கு மூட்டை கட்டிய ஒரு ஹாஸ்டல் பெண்ணிடம் வாங்கியது. கேபினெட்டில் கண்ணாடிக் கதவு வைத்து உள்ளே வண்ண விளக்கு எரிகிறவற்றையெல்லாம் கண்ணாரப் பார்த்துவிட்டு, நாலு பக்கமும் தகரம் அடைத்த கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தேன். விளையாடத்தானே போகிறோம், பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டா உட்காரப் போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றும்.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியில் இருக்கிறது. வீட்டை ஒட்டியே தறிக்கூடம். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறார்கள். நான் சோமனூரில் ஒரு நூல் வியாபாரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வேலை விட்டு வந்தால் போனில் விளையாடுவதுதான் என் பொழுதுபோக்கு. அதிலேயே ஓர் அணியில் சேர்ந்திருந்தேன். எல்லாரும் பெண்கள். ஈரோட்டில் ஒருத்தி, பாலக்காட்டில் ஒருத்தி என்று ஆளுக்கொரு ஊர், நேரில் பார்த்துக்கொண்டதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் மாதிரி சண்டை போடுவோம். நன்றாக ஆடுவேன் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை, ஏனென்றால் அவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறோம், சீக்கிரம் வா என்றார்கள். அந்தக் காலியிடம்தான் என்னை ஆட்டிப்படைத்தது. தறிச் சத்தத்தில் வளர்ந்து, நூல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற எனக்கு, என் திறமைக்காகவே ஒருவர் இடம் பிடித்து வைத்தது அதுதான் முதல் தடவை.

என் அண்ணன் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் பிரிவில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். நேரில் அவனிடம் நான் ஒருமையில் பேசியதே இல்லை. எங்கள் பக்கம் மூத்தவர்களிடம் 'ங்க' போடாமல் வாய் திறக்க வராது. எழுதும்போது அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அப்போது அவன்மேல் எனக்கு இருந்த நம்பிக்கைக்கு அளவே கிடையாது. ஞாயிறு தோறும் பஸ் ஏறிக் காந்திபுரம் போவேன். அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும் நேரத்தில் இரண்டு பேரும் பேக்கரியில் நின்று டீ குடித்தபடி பேசுவோம். பிராசசரில் ஒரு படி இறங்கினால் ராமில் ஒரு படி ஏறலாமா, மதர்போர்டில் மிச்சம் பிடித்தால் பின்னால் வருத்தப்படுவோமா என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். வீட்டில் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கும்போதுகூட அவ்வளவு யோசித்ததில்லை. எந்த உதிரியை எடுப்பது என்று கடைசியில் முடிவு செய்தது எப்போதும் நான்தான். படித்தேன், பிரித்துக் காட்டுகிற வீடியோக்களைப் பார்த்தேன், முகம் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கினேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைப் பொறுத்து ஒன்றொன்றாக வாங்கி வீட்டு பீரோவில் அடுக்கினேன்.

ஒரே ஓர் உதிரியில் மட்டும் எனக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஒன்று உண்டு. கடைகளில் அதை எஸ்எம்பிஎஸ் என்பார்கள். கெட்டதை வாங்கிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அண்ணன் ஒரு பெரிய கம்பெனியின் பெட்டியைக் காட்டினான். நான் எடுத்ததோ பெயர் பிரபலமாகாத ஒன்று. ஆனால் அதைப் பிரித்துச் சோதித்துப் பார்த்த அத்தனை பேரும் நல்ல சரக்கு என்றிருந்தார்கள். விலையும் குறைவு.

“பேரே கேள்விப்படாத டப்பாவைப் போயி வாங்கறயே கண்ணு. நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா எங்கிட்ட வரக்கூடாது” என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மிச்சம் பிடித்ததெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்காக. திரையில் ஓடுகிற அத்தனை படத்தையும் வரைந்து தள்ளுவது அதுதான், கேமிங் கம்ப்யூட்டரின் உயிரே அதில்தான். புதுசுதான் வேண்டும் என்பதில் நான் ஒரே பிடியாக இருந்தேன். கிரிப்டோ காசுக்காக இரவு பகலாக ஓட்டித் தேய்ந்துபோன பழைய கார்டுகள் அப்போது சந்தையில் மலிவாகக் கிடைத்தன. அண்ணன் கடைக்கே நிறைய வரும். சர்வீஸ் செய்து, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டை மாற்றி விற்பார்கள். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளேன் என்று அவனும் ஒரு தடவை சொன்னான். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி நம்பிக்கை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டால் அது புது மோட்டார்தான், பேச்சே இல்லை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சீல் உடைக்காத புதுப் பெட்டியை நானே கடையில் பார்த்து வாங்கினேன்.

அதை வாங்கி வந்த வாரத்தில் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தறிகளைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மோட்டார், தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மெஷின், அப்பாவின் ஸ்கூட்டர், அம்மாவின் கிரைண்டர் எதுவும் தப்பாது. நான் அந்த நேரம் பார்த்து, கார்டைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பக்கம் முழுக்கக் கறுப்புத் தகடு. போன் அடித்தது, எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் தகட்டின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பக்கத்தில் அம்மா கிண்ணத்தோடு நிற்கிறாள்.

பதறிப்போய்த் துப்பட்டாவால் ஒரே இழுப்பாகத் துடைத்தேன். அது இன்னும் வினையாகிவிட்டது. பொட்டு முழுதாகப் போகவும் இல்லை, ஓரத்தில் வால் மாதிரி இழுத்துக்கொண்டும் நின்றது. காய்ந்தபின் பழுப்பாக ஒரு வட்டம், நடுவில் லேசான சிவப்பு, வலது பக்கம் ஒரு வால். அம்மாவைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

“மிஷினுன்னா பொட்டு வெச்சுத்தான் ஓட்டோணும். சும்மா கத்தாத” என்றாள் அம்மா. அடுத்த தறிக்குப் போய்விட்டாள்.

தீபாவளி போனஸில் மீதி உதிரிகளும் வந்து சேர்ந்தன. பிரித்துப் போட்டு நானே கட்டிப் பார்க்க ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் எதைத் திறந்து வைத்தாலும் அரை நாளில் பஞ்சு படிந்துவிடும். தட்டில் சோற்றை மூடி வைக்காவிட்டால் அதிலும் படியும். அண்ணன் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

“இங்க பஞ்சு பறக்குது கண்ணு. கடையில வெச்சுக் கட்டிக் கொண்டாரேன். ஒருக்கா மூடிப்போட்டம்னா அப்பறம் திறக்கவே வேண்டாம்.”

எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, இடுக்கில் அம்மாவின் பழைய சேலையைத் திணித்து அனுப்பினேன். அந்தச் சமயத்தில்தான் அவனுக்குச் சத்தியமங்கலத்தில் பெண் பார்த்திருந்தது. வசதியான குடும்பம். வாழைத்தோட்டம், மஞ்சள் மண்டி என்று பெரிய இடம். நாங்கள் தறிக்காரர்கள். அவர்கள் சம்மதித்ததே எங்கள் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது. அண்ணன் அடிக்கடி அந்தப் பக்கம் போய்வந்துகொண்டிருந்ததால் என் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதமானது. நான் அவசரப்படுத்தவில்லை. கல்யாண மாப்பிள்ளை, பாவம், ஆயிரம் வேலை என்று அம்மாவிடம் நானே அவனுக்குப் பரிந்து பேசினேன்.

கம்ப்யூட்டர் வந்தது. தகரக் கதவு மூடி, திருகு ஏற்றி, திருகின்மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தான். கதவைத் திறந்தால் வாரண்டி போய்விடும், தூசி தட்டுவதென்றால் நானே வந்து தட்டிக் கொடுக்கிறேன் என்றான். சுவிட்சைப் போட்டு, முதல் தடவையாக என் அணியோடு பெரிய திரையில் இறங்கினேன். எனக்காகக் காத்திருந்த இடத்தில் என் பெயர் வந்தபோது அழுகை வந்துவிட்டது. ஹெட்போனில் கேட்டுவிட்டு அந்த ஈரோட்டுப் பெண் கேலி செய்தாள்.

அண்ணன் சொன்னபடியே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி ஊதுகிற ப்ளோயரோடு வந்துவிடுவான். கம்ப்யூட்டரைத் தறிக்கூடத்துக்கு அப்பால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் தூக்கிக்கொண்டு போய், திறந்து, ஊதி, மூடி, புதிதாக ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்து வைப்பான். நான் கூட வந்தால், தூசி கண்ணில் விழும், தள்ளி நில்லு என்பான். கல்யாண வேலைக்கு நடுவிலும் தங்கச்சிக்காக வருகிறானே என்று எனக்கு ஒரே பெருமை. அலுவலகத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிலாகித்திருக்கிறேன். உங்கள் அண்ணன் மாதிரி எல்லாருக்கும் அமையாது என்று அவர்களும் சொன்னார்கள்.

பொங்கல் முடிந்ததும் கோளாறு ஆரம்பித்தது. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து மின்விசிறி கத்தும். திரையில் கோடு கோடாக ஓடும். பிறகு ஒரே இருட்டு. திரும்ப ஓட்டி உள்ளே வருவதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். அண்ணன் வந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, குறை எஸ்எம்பிஎஸ்ஸில்தான் என்றான். நான் அடம்பிடித்து வாங்கிய அதே டப்பா.

அவன் சொன்ன பெரிய கம்பெனிப் பெட்டியை மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டச் சொன்னேன். பழையதைப் பீரோமேல் தூக்கிப் போட்டேன். புதுப்பெட்டி மாட்டியும் திரை இருண்டது. அப்போது அவன் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது.

“நாந்தான் அன்னைக்கே சொன்னனே. உன்ற டப்பா ஏற்கெனவே கார்டைத் தின்னுபோட்டுது. இனி எதை மாத்தி என்ன பண்றது.”

வாரண்டியில் கொடுக்கலாமே என்றேன். எஸ்எம்பிஎஸ்ஸால் கெட்டதற்கு வாரண்டி கிடையாது, விசாரித்துவிட்டேன் என்றான். படத்தின் தரத்தைக் குறைத்து, அளவாக ஆடினால் ஓடும் என்று ஏதேதோ மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். போகும்போது முதுகில் தட்டி, படிச்சுப்போட்டா மட்டும் பத்தாது கண்ணு, அனுபவம் வேணும் என்றான். நான் தலையாட்டினேன்.

அளவாக ஆடியும் இருண்டது. ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில், நாங்கள் ஜெயிக்கப் போகிற நேரத்தில் நான் காணாமல் போனேன். அதற்கடுத்த போட்டியிலும் அப்படியே. அணியில் யாரும் என்னைத் திட்டவில்லை. உன் கம்ப்யூட்டர் சரியானபிறகு வா என்று சொல்லிவிட்டு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். அவளும் நன்றாகத்தான் ஆடினாள். சில நாள் அவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

அணி போனதைவிட எனக்குள் ஒன்று போனதுதான் பெரிய அடி. அத்தனை மாதம் படித்து, அலசி, கேட்டு, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அதில் நான் பிடிவாதமாக எடுத்த ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்றால் என் புத்தியை நான் எப்படி நம்புவது? அதற்குப்பிறகு புதுப் போன் வாங்கப் போனபோது அண்ணனே எடுக்கட்டும் என்று விட்டேன். அலுவலகத்தில் பிரிண்டர் வாங்க என்னைக் கேட்டார்கள், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பீரோமேல் கிடந்த அந்த டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

வைகாசியில் அண்ணன் கல்யாணம். எங்கள் சாதி சனத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்கு இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. கல்யாண மேடையில் பெண் வருவதற்கு முன்னால் தங்கைதான் அண்ணனோடு நிற்பாள். என்ன வந்தாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்பது அதன் பொருள் என்பார்கள். பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். பாட்டுக்காரர் வாழ்த்துப் பாடினார். அண்ணன் கண்கலங்கினான். அதைப் பார்த்து நானும் அழுதேன். வீடியோவில் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது வந்தால் அம்மா போட்டுக் காட்டுகிறாள், நான் எழுந்து போய்விடுவேன்.

கல்யாணத்துக்கு அடுத்த வாரம் சத்தியமங்கலத்தில் சம்பந்தி வீட்டு விருந்து. வேன் வைத்துப் போனோம். இலை போட இன்னும் நேரமிருந்தது. அண்ணியின் தம்பி, என் வயதுக்காரர், ஐடி கம்பெனியில் இருக்கிறவர், எனக்கும் கேம் பைத்தியம் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறார். ஏனுங்க, வந்து பாருங்க என்று தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைக்குக் கீழே தரையில் கம்ப்யூட்டர். நான் ஆசைப்பட்டு விட்டுவந்த அதே கண்ணாடிக் கதவு, உள்ளே நீல விளக்கு. எங்கள் மச்சான்தான் கட்டிக் கொடுத்தார் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார்.

நான் குனிந்து பார்த்தேன். என் கார்டு மாதிரியே ஒரு கார்டு. அதே கம்பெனி, அதே மாடல். அதன் கறுப்பு முதுகின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். நடுவில் லேசாகச் சிவப்பு. வலது பக்கம் ஒரு வால்.

நான் எதைப் பார்க்கிறேன் என்று அவர் கவனித்துவிட்டார்.

“மச்சான் பூசை போட்டுத்தானுங்க குடுத்தாரு. பொட்டு இன்னும் அப்படியே இருக்குது பாருங்க. எங்கய்யனுக்கு அதைக் கண்டு ஒரே சந்தோசமுங்க.”

அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கள்ளமில்லாமல் சொன்னார். நல்லா இருக்குதுங்க என்றேன். எப்போது கட்டிக் கொடுத்தார் என்று கேட்டேன். நிச்சயத்துக்கு முன்னாலேயே என்றார். நிமிர்ந்தால் வாசற்படியில் அண்ணன் நிற்கிறான். பட்டு வேட்டி, கழுத்தில் புதுச் சங்கிலி. என் முகத்தைப் பார்த்தான், தரையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். இலை போட்டாச்சு, வாங்க எல்லாரும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான்.

சம்பந்தி வீட்டில் வைத்து என்ன பேச முடியும்? எங்கள் பக்கம் விருந்துக்குப் போன இடத்தில் பாயசத்தில் உப்பு போட்டிருந்தால்கூட நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்லிவிட்டு வருவோம். உட்கார்ந்தேன். பரிமாறினார்கள். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க என்றதற்கெல்லாம் போதுமுங்க என்று சிரித்தேன்.

மணமக்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். நான் வீடு வந்ததும் சேலைகூட மாற்றாமல் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஸ்டிக்கரைக் கிழித்துத் தகரக் கதவைக் கழற்றினேன். என் கம்ப்யூட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கார்டை உருவி வெளியே எடுத்தேன். பெயர் அதேதான், மாடல் அதேதான், அதனால்தான் திரையில் எத்தனை தடவை பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் திருகுகளின் தலையெல்லாம் மழுங்கிக் கிடந்தது. யாரோ பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். விசிறி இறக்கையில் விரிசல். முதுகுத் தகட்டில் கீறல் இருந்தது, பொட்டு இல்லை.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாதாமாதம் ப்ளோயரோடு வந்தானே, அது தங்கச்சிப் பாசம் இல்லை. இந்தக் கதவை நான் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறான். அது புரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கார்டுக்காக நான் அழவில்லை.

அண்ணனும் அண்ணியும் வந்து சேர்ந்த அன்றைக்கு அவனைத் தறிக்கூடத்துக்குக் கூப்பிட்டேன். அண்ணி காதில் விழக்கூடாது என்று அப்போதும் எனக்குத்தான் அக்கறை. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியாளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அந்தச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்கு வாயசைவே போதும். பழைய கார்டை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் மச்சினனுக்கு அந்தப் பழைய கார்டைத்தான் மாட்டுவதாக இருந்தானாம். மாட்டுகிற நேரத்தில் மாமனாரே கடைக்கு வந்துவிட்டாராம். பெண் கொடுக்கப் போகிறவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்க்கும்போது கீறல் விழுந்த கார்டை எப்படிக் காட்டுவது? என் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டான். பொட்டைப் பார்த்து அவர், பூஜை போட்டே கொண்டுவந்துவிட்டீர்களா மாப்பிள்ளை என்று கேட்டாராம். அதற்குமேல் திரும்பி வாங்க முடியவில்லை. அவர்கள் அதற்கு ஏதாவது கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

“ரெண்டும் ஒரே கார்டுதான் கண்ணு. இது சித்த சர்வீஸ் பண்ணுனது, அவ்வளவுதான். காயில் கட்டுன மோட்டார் ஓடலியா? வெளியாளுகிட்ட அப்படிப் பண்ண முடியாது. நீ நம்மூட்டுப் புள்ள, உங்கிட்டத்தான் அனுசரிச்சுக்க முடியும்.”

அவன் அதைப் பாசமாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. நம்ம வீட்டுப் பிள்ளை என்பதால்தான் எனக்குத் தேய்ந்த கார்டு. மானம் மரியாதையெல்லாம் வெளியே இருப்பவர்களுக்கு.

“கார்டு போனாப் போச்சாதுங்ண்ணா. கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். எம்பட எஸ்எம்பிஎஸ் தப்புன்னு ஏனுங் சொன்னீங்க?”

அவன் வாய் அசையவில்லை. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தறி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில், நான் வேறென்ன சொல்ல முடியும் என்று அவன் கையை விரித்ததை மட்டும் பார்த்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதுப்பெண் வந்த வீடு, வாயைத் திறக்காதே என்றாள். அப்பாவிடம் போக வேண்டாம் என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

“நான் வெச்ச பொட்டு அவிங்க ஊட்டுல இருக்குதுன்னா இருந்துட்டுப் போகட்டும். நல்லதுதான கண்ணு.”

அன்றைக்கு அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கார்டைத் திருப்பிக் கேட்கும் பேச்சே எழவில்லை, நானும் எழுப்பவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பிறகு சும்மாவே கிடந்தது. அண்ணன் சிலசமயம், கடையில் நல்ல கார்டு வந்திருக்கிறது, கொண்டுவரட்டுமா என்பான். வேண்டாங்ண்ணா என்பேன். அண்ணியிடம் நான் நன்றாகத்தான் பழகுகிறேன். அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

அடுத்த தீபாவளி போனஸ் வந்ததும் தனியாகவே காந்திபுரம் போனேன். அண்ணன் கடை இருக்கும் தெருப்பக்கம் போகவில்லை. புதுக் கார்டு ஒன்றை நானே பார்த்து எடுத்தேன். திரும்பத் திரும்ப யோசித்தேன். கடைக்காரர் பொறுமையானவர், கேட்டதையெல்லாம் எடுத்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைத் துடைத்து, துணி விரித்து, எல்லாவற்றையும் பரப்பி வைத்தேன். தறி நிறுத்தியிருந்தது. பெரிய கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, பீரோமேல் கிடந்த என் டப்பாவை எடுத்து, மேலே படிந்திருந்த பஞ்சைத் துடைத்தேன். அந்த நேரம் அண்ணன் உள்ளே வந்தான். கையில் ப்ளோயர். ஊதிக் கொடுக்கலாம் என்று வந்தானாம்.

“அதை எதுக்கு எடுத்த?”

“இதுல ஒண்ணும் குத்தமில்லீங்ண்ணா. உங்களுக்குத் தெரியுமே.”

அம்மா எங்கிருந்து பார்த்தாளோ, சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். புது மெஷின் என்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நேராகப் புதுக் கார்டுப் பக்கம் விரலைக் கொண்டுபோனாள். போன தடவை மாதிரி கத்தப் போகிறேன் என்று நினைத்து என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். நான் கார்டை நகர்த்திவிட்டு, என் டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி அவள் முன்னால் நீட்டினேன்.

“இதுக்கு வெச்சு உடுங்கம்மா” என்றேன்.

அம்மா டப்பாவைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு சந்தனத்தைத் தொட்டு டப்பாவின் நடுவில் அழுத்தி வைத்தாள், குங்குமத்தையும் வைத்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் துடைக்கவில்லை. ஈரம் காயும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு டப்பாவை உள்ளே வைத்துத் திருகு ஏற்றினேன். கார்டை மாட்டினேன். சுவிட்சைப் போட்டு, இருப்பதிலேயே கனமான ஆட்டத்தைத் திறந்து, படத்தின் தரத்தை உச்சியில் வைத்து ஓடவிட்டேன்.

மூன்று பேரும் நின்று பார்த்தோம். விசிறி கத்தவில்லை. திரையும் இருளவில்லை. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அண்ணன் மட்டும் நின்றான்.

“நல்லாத்தான் ஓடுது” என்றான்.

“அன்னைக்கும் நல்லாத்தானுங்ண்ணா ஓடுச்சு” என்றேன்.

அவன் ப்ளோயரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தகரக் கதவை எடுத்துப் பரண்மேல் போட்டேன். இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்குக் கதவு கிடையாது. பஞ்சு படியத்தான் செய்கிறது, வாரா வாரம் நானே துடைத்துக்கொள்கிறேன்.